என்ன குழம்பு?

அம்மாவும் கல்யாணமான மகளும் போனில் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள் சார். இலவசம்தான்.

என் சின்ன வயதில் அது இலவசமில்லை. எஸ்.டி.டி.யில் இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம். அம்மா என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பூத்துக்குப் போய், ஓடுகிற மீட்டரைப் பார்த்தபடியே பாட்டியிடம் நாலு வார்த்தை பேசுவாள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மீட்டர் பயம் போயே போச்சு! இப்போது என் மனைவியும் கும்பகோணத்து மாமியாரும் தினம் முக்கால் மணி நேரம். பொருள்: என்ன குழம்பு?

நான் பி.காம். லெட்ஜரில் ஏற்றிப் பார்த்தால் அந்தப் பேச்சில் தகவல் என்று ஒரு வரி தேறாது.

டெபோரா டானன் என்ற அமெரிக்க மொழியியல் பேராசிரியை 2006-ல் தாய்-மகள் பேச்சைப் பற்றி ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். அம்மாக்கள் குறை சொல்வது முக்கியமாக மூன்று விஷயத்திலாம்: முடி, உடை, எடை. அம்மா அக்கறையாகச் சொல்வது மகள் காதில் குத்தலாக விழுகிறது என்கிறார். வாஸ்தவம். ஆனால் அவருக்கு நம்ம ஊர் ரசம் தெரியாது.

போன ஐப்பசியில் ஒரு நாள்...

"என்னம்மா குழம்பு?"

"ரசம்தான். அப்பா அப்பளம் சுட்டாரு."

"மூணு நாளா ரசம்தானா?"

"மழையா இருக்குல்ல... அதான்."

அப்புறம் சீரியல் கதைக்குப் போய்விட்டார்கள். போனை வைத்ததும் மனைவி பையை எடுத்தாள். "அப்பா அடுப்பங்கரைக்குள்ள போயிருக்காரு. அம்மாவுக்குக் கையில என்னவோ ஆயிடுச்சு."

மாமனாருக்குப் போன் போட்டேன். "எல்லாரும் சௌக்கியம் மாப்பிள்ளை!" என்றார், கம்பீரமாக.

ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கினால், மாமியாரின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி நாலு நாளாச்சாம்.

"ஏம்மா சொல்லல?"

"நீ மட்டும் வேலை போனதைச் சொன்னியா? மூணு வாரமா காலையில பதினோரு மணிக்குப் போன் பண்றே. பின்னாடி குக்கர் விசில் கேக்குது."

இதைத் திரும்பி வந்து சொல்லும்போது மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருவரும் மறைத்திருக்கிறார்கள், இருவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆடிட்டர் யாரும் இப்படி ஒரு டேலியைப் பார்த்திருக்க மாட்டார்!

ஆனாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. மணிக்கட்டு ரசத்தில் தெரிந்துவிட்டது. நெஞ்சுவலி எந்தக் குழம்பில் தெரியும்? மனைவியிடம் சொன்னேன். "நீங்களே சொல்லுங்க" என்று போனை என் கையில் திணித்தாள்.

"அத்தை, உடம்புக்கு ஏதாவதுன்னா நேரா..."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. இன்னிக்கு என்ன குழம்பு?"

"சாம்பார்."

"நேத்தும் சாம்பார்தானே? அங்க யாருக்கு என்ன?"