செம்மறியின் ஈரலிற் சேரும் செம்பு

நேற்றுவரை நன்றாய் மேய்ந்த செம்மறி, நெடுவழி நடந்த மறுநாள் கண் மஞ்சளித்து, சிறுநீர் சிவந்து மாண்டுபோகுமாயின், குடியானவர்கள் விஷப்பூண்டின் மீது பழி சுமத்துவர். தீவனத் தொட்டியையும் ஆராய்தல் வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

உடலுக்கு மிகச் சிறிதளவே வேண்டிய உலோகங்களுள் செம்பும் ஒன்று. மிகுதியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறன் மாட்டைவிடச் செம்மறிக்குக் குறைவு. ஆதலின் அஃது ஈரலில் மாதக்கணக்காகச் சேர்கின்றது. அக்காலத்தில் நோய்க்குறி யாதும் தோன்றாது. பின்னர்ப் பயணம், பட்டினி முதலிய சிரமங்கள் நேரின், ஈரலிலுள்ள செம்பு திடீரென இரத்தத்திற் கலந்து செவ்வணுக்களை அழிக்கின்றது.

ஒரு கிலோ உலர்தீவனத்தில் செம்மறி தாங்கும் செம்பு 15 மில்லிகிராம். மாடு தாங்குவது 40 மில்லிகிராம். 2005-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் வகுத்த வரம்பு இது. ஆகவே மாட்டிற்குரிய தாது உப்புக் கலவையைச் சிக்கனம் கருதிச் செம்மறிக்கு இடுதலும், போர்டோ கலவை தெளித்த தோட்டத்தில் மேய்த்தலும் பெருந்தவறாகும்.

சந்தைக்கு ஓட்டுங்கால் இடையிடையே நீரும் தீவனமும் இளைப்பாறுதலும் தருதல் நன்று. ஆயினும் அதனால் மட்டும் தீங்கு நீங்காது. செம்பு சேராமற் காப்பதே முதற்கடமை. சிறுநீர் சிவந்தபின் பிழைக்கும் ஆடு சிலவே. இறந்த ஆட்டைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவரை அழைத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதிக்கச் செய்யுங்கள். எஞ்சிய மந்தையேனும் பிழைக்க அதுவே வழி.