விலை ஏறியது, மனம் மாறியதா?

2018க்கு முன்பு ஸ்காட்லாந்தில், ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் செய்யும் 'சைடர்' மது, மூன்று லிட்டர் பாட்டில் 4 பவுண்டுக்கும் குறைவாகவே கிடைத்தது. கைச்செலவுக் காசிலேயே போதை ஏற்றிக்கொள்ளலாம்!

அந்த ஆண்டு மே 1 முதல் நிலைமை மாறியது. 10 மில்லி தூய ஆல்கஹால் ஓர் அலகு. அலகு ஒன்றுக்கு 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது என்றது அரசு. 7.5 சதவீத சைடரின் அதே பாட்டில் 11.25 பவுண்டுக்குத் தாவியது. 2012இலேயே நிறைவேறிய சட்டம் இது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்குத் தொடுத்ததால் ஆறு ஆண்டுகள் தாமதமானது.

பலன் இல்லாமல் இல்லை. மதுவால் நேரும் இறப்புகள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 2023இல் மதிப்பிட்டது. 2024 செப்டம்பரில் விலை வரம்பு 65 பென்ஸாக உயர்ந்தது.

ஆனால் பதின்வயதினர்?

13 முதல் 17 வயது வரையிலானவர்களிடம் நடத்திய ஆய்வில், விலை அவர்களுக்குப் பெரிய பொருட்டாகவே இல்லை என்பது தெரிந்தது. எது பிடிக்கும், எது கைக்கு எட்டும் என்பதே அவர்கள் கணக்கு.

ஆக, விலை உயர்வு தேவைதான். அதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. 18 வயது நிரம்பாதவர்களுக்காகப் பெரியவர்கள் மது வாங்கித் தருவது அங்கே குற்றம். அந்தச் சட்டம் கடை வாசலில் கறாராக அமலாக வேண்டும். விளையாட்டு அரங்குகளில் மது விளம்பரங்களும் நிறுத்தப்பட வேண்டும்.