பாராண்ட சோழனும் பாறை உடைத்த பாட்டனும்

2024 செப்டம்பரில் நம் நகரின் பெயர் மாறியது. போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. இத்தீவுகள் ஒருகாலத்தில் சோழர்தம் கடற்படைத் தளமாக விளங்கியவை என்றும் அப்போது சொல்லப்பட்டது. அன்று தொட்டு நம்மவர் பலருடைய நடையிலே ஒரு மிடுக்கு! "இராசேந்திரன் ஆண்ட மண், நாம் வந்தேறிகள் அல்லர்" என்ற பேச்சு விடுதியிலும் கேட்கிறது, வகுப்பிலும் கேட்கிறது.

பெருமை இருக்கட்டும், உண்மை யாது? தஞ்சைப் பெரிய கோயிலின் 1030-ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிப்பது மாநக்கவாரத்தை, அஃதாவது நிக்கோபாரை. நம் நகரோ தென் அந்தமானில் உள்ளது. இங்கே 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அமைத்த முதற் குடியேற்றம் நிலைக்கவில்லை. 1858 மார்ச்சு 10-இல் வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளோடு கரையிறங்கிய பின்னரே நகரம் வேரூன்றியது. காடு திருத்தியவர் கைதிகள். 1906-இல் முடிவுற்ற செல்லுலார் சிறையைக் கட்டியவரும் கைதிகளே. விடுதலைக்குப் பின் சாலை போடவும் மரம் வெட்டவும் தமிழ்த் தொழிலாளர் கப்பல் கப்பலாக வந்தனர். இராமநாதபுரச் சீமையில் மழை பொய்த்தபோது வந்து, சாலைக்குக் கல் உடைத்தவர் என் பாட்டனார்.

இதைச் சொல்ல நாணுவானேன்? கைதிகளின் வழிவந்தோர் தம்மை 'லோக்கல் பார்ன்' என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கின்றனர். உழைத்தவன் பேரனுக்கு மட்டும் அரசன் முகவரி எதற்கு?

மூத்த உரிமை பேசுவதாயின், அது அந்தமான் பழங்குடியினருக்கே உரியது. 1859-இல் அபர்தீனில் வில்லேந்தி வெள்ளையரை எதிர்த்தவர் அவர்கள் அன்றோ? மன்னன் பெயரால் உரிமை கொண்டாடினால் வங்காளியும் தெலுங்கரும் ராஞ்சித் தோழரும் நமக்கு விருந்தினர் ஆகிவிடுவர். உழைப்பின் பெயரால் பேசினால் அனைவரும் உடன்பிறந்தார். பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோயிலில் கூடுவோர் தமிழர் மட்டுமா? துர்க்கை பூசைப் பந்தலில் நிற்போர் வங்காளிகள் மட்டுமா? இந்த ஒற்றுமை அரசர் தந்ததன்று. ஒரே கப்பலில் வந்து ஒரே வரிசைக் குடிசையில் வாழ்ந்தவர் தந்தது.

நான் கடலுயிரியல் பயில்பவன். பவளத் திட்டைக் கட்டுவது திமிங்கிலம் அன்று. மிகச் சிறிய உயிர்கள். ஒவ்வொன்றும் மடியும்போது தன் சுண்ணக் கூட்டை விட்டுச் செல்கிறது. நம் முதியோர் எதை விட்டுச் செல்கின்றனர்? 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழர். ஆயினும் எந்த ஆண்டு, எந்தக் கப்பலில், என்ன கூலிக்கு வந்தனர் என்பதை எத்தனை வீடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

ஆதலின் மன்றத்துக்கு ஒன்று சொல்வேன். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதைச் சொன்னவாறே எழுதி வாருங்கள். அவர் தமிழராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஒரு படி நூலகத்தில் இருக்கட்டும். மற்றொன்று இம்மலரில் வரட்டும். சோழன் புகழைக் கல்வெட்டு காக்கும். பாட்டன் கதையைக் காக்க நம்மையன்றி யார் உளர்?