திங்கட்கிழமை போன்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டம்மாளுக்குத் திங்கட்கிழமை வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. அன்றைக்குத்தான் பிரேஸிலிலிருந்து பிள்ளை போனில் வருவான்.

அவர்கள் மார்மன் மதத்தினர். அங்கே பையன்கள் பலர் 18 வயசிலேயே மத ஊழியத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இரண்டு வருஷம். எந்த தேசம் என்பதைச் சபைதான் சொல்லும். சம்பளம் கிடையாது. கூடவே இன்னொரு ஊழியர். தனியாக எங்கும் போகக்கூடாது. காப்பி, டீ தொடக்கூடாது (கேட்டு எனக்குத்தான் தலையை வலித்தது!). துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குப் பேச வாரத்தில் ஒரு நாள்.

"இவன் தேவலைங்க. மூத்தவன் போனப்ப வருஷத்துக்கு ரெண்டே போன். கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு" என்றார். 2019 பிப்ரவரியில்தான் வாராவாரம் பேசலாம் என்று சபை அனுமதித்ததாம். மூத்தவன் மெயிலில் 'சௌக்கியம்' என்றே எழுதிக்கொண்டிருந்தானாம். அன்னையர் தினத்தன்று குரலைக் கேட்டதுமே இவருக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை இருபது நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கிறான்!

நான் இருந்த அன்று சின்னவன் வீடியோவில் வந்தான். வெள்ளைச் சட்டை ரோஸ் கலரில்! சிவப்புத் துண்டோடு சேர்த்துத் துவைத்துவிட்டானாம். எனக்குச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை.

"போனைக் கீழே திருப்பு. ஷூவைக் காட்டு."

நடந்து நடந்து குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"கால் வலிக்குதா?"

"இல்லேம்மா."

அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க நம்பறீங்களா?" என்றார்.