ஆளைப் பார்க்கும் முன் அட்வான்சா?

என் மாமியாருக்கு, 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனது. நானும், கணவரும் வேலைக்குப் போவதால், பகலில் பேச்சுத் துணைக்கும், கைத்தாங்கலாக நடத்திச் செல்லவும் ஆள் தேடினோம். மொபைலில் விளம்பரம் பார்த்து போன் செய்தேன்.

'டெபாசிட், 12 ஆயிரம் அனுப்புங்க மேடம்... நாளைக்கே ஆள் வந்துடும். பிடிக்கலைன்னா பணம் வாபஸ்' என்று தேனாகப் பேசினார், ஏஜென்ட். அவசரத்தில், ஜிபேயில் அனுப்பி விட்டேன்.

வந்த பெண் தங்கமானவர். ஆனால் மூன்றாம் நாளே, 'அக்கா... போன வீட்டு சம்பளத்தையே அவர் இன்னும் தரலை. சேர்றப்போ எங்கிட்டயும், 2,000 வாங்கிட்டார்...' என்று கண் கலங்கி, நின்று விட்டார். ஏஜென்ட் போன், 'சுவிட்ச் ஆப்!'

அட்வான்சே கூடாது என்று சொல்ல மாட்டேன். வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்கு, பஸ் செலவுக்காவது வேண்டாமா? ஆனால், ஆள் வந்து, ஆதாரைப் பார்த்து, பெரியவங்களுக்கும் பிடித்த பின் கொடுங்கள். ஒரு வார சம்பளத்துக்கு மேல் வேண்டாம். எப்போது திருப்பித் தருவர் என்பதை எழுதி, ரசீது வாங்குங்கள். மறுத்தால், அந்த இடமே வேண்டாம்.

பணம் அனுப்பி ஏமாந்தால், உடனே, 1930க்கு போன் செய்யுங்கள். 'நாலு பேர் சிரிப்பாங்களே' என்று பத்து நாள் சும்மா இருந்து, கோட்டை விட்டேன் நான்.

இப்போது, அதே பெண்ணை நானே தேடிப் பிடித்து அமர்த்தி விட்டேன். சனிக்கிழமை தோறும், சம்பளம் அவர் கையிலேயே. மாமியாரும், வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.