கன்றுக்குப் போடும் பிண்ணாக்கு

நம் ஊர்களில் பிண்ணாக்குக்கு ஒரு வரிசை உண்டு. புதுக் கடலைப் பிண்ணாக்கு கறவை மாட்டுக்கு. மிஞ்சினால் உழவு மாட்டுக்கு. மூட்டையின் அடியில் கிடந்து பூசணம் பிடித்தது கன்றுக்குட்டிக்கு. "இது என்ன, பாலா கறக்குது?" என்பார்கள். பால் சங்கத்தில் கணக்கு எழுதிய காலத்தில் இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் கட்சி.

பிறந்த கன்றுக்கு வயிற்றில் நான்கு அறை இருந்தாலும், முதல் அறை இன்னும் வேலை தொடங்கியிருக்காது. குடித்த பால் நேரே நான்காவது அறைக்குப் போய்விடும். பெரிய மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தீவனத்திலுள்ள சில நஞ்சுகளை ஓரளவு முறித்துவிடும். இளங்கன்றுக்கு அந்தக் காவல் இல்லை. பருத்திக்கொட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள காசிபால் என்ற நஞ்சைக் கறவை மாடு அளவோடு தாங்கும். கன்றுக்கு இதயமும் ஈரலும் கெடும்.

கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40க்கு மேல். ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இது இருப்பது தெரிந்தது. பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் போட்டாலும், கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போய்விடாது. பெரிய மாட்டை விடக் கன்றைத்தான் இது அதிகம் பாதிக்கும்.

அதற்காகப் பிண்ணாக்கே கூடாது என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி உலர்தீவனம் வைத்தால்தான் முதல் வயிறு சீக்கிரம் வளரும். உடைத்த மக்காச்சோளம் பாதிக்குச் சற்றுக் குறைவு, நல்ல கடலைப் பிண்ணாக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மீதி கோதுமைத் தவிடு, கொஞ்சம் தாது உப்பு.

விலை கட்டாது என்பீர்கள். முதல் மாதங்களில் கன்று தின்பது எவ்வளவு? அதை மிச்சம் பிடித்தால் கிடாரி பருவத்துக்கு வருவதே தள்ளிப்போகும். அத்தனை மாதமும் சும்மா தீனி போடப்போவது நாம்தான்.

கொஞ்சமாக வாங்குங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். எடுக்கும்போது மோந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் கன்றுக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். குப்பைக்குழிக்குப் போகட்டும்.