ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் வேண்டுமா?

"ஆபரேஷன்னா வலிக்கத்தானே செய்யும், பொறுத்துக்கோ." வார்டில் முனகுகிறவரிடம் சொந்தக்காரர்கள் சொல்வதும் இதுதான், சில நேரம் மருத்துவப் பணியாளர்கள் சொல்வதும் இதுதான். ஆறுதலாகத் தோன்றினாலும் இந்தப் பேச்சு நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது. வயிற்றில் தையல் போட்டவர் மூச்சை ஆழமாக இழுத்தால் தையல் சுண்டி இழுக்கிறது. அதற்குப் பயந்து அரைகுறையாக மூச்சு விடுகிறார்; சளி தொண்டைவரை வந்தும், வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, இருமாமல் அடக்குகிறார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்குகிறது, சளி தேங்குகிறது, நிமோனியாவுக்கு வழி பிறக்கிறது. 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மாஸ்டர் ஆய்வு, பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்கு உள்ளான, ஆபத்து மிகுந்த 915 பேரைக் கவனித்தது. முதுகில் எபிட்யூரல் (தண்டுவடத்தைச் சுற்றி மரக்க வைக்கும் மருந்தைச் செலுத்தும் மெல்லிய குழாய்) வைத்தவர்களில் 23 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 30 சதவீதத்தினருக்கும் சுவாசச் செயலிழப்பு ஏற்பட்டது. இறப்பு குறையவில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. ஆனாலும் வலி குறைந்தது, நுரையீரல் தப்பியது, இவை அற்பமா?

எல்லோருக்கும் எபிட்யூரல் தேவையில்லை. வயிற்றுச் சுவரின் நரம்புகள் முதுகிலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் உள்ள மூன்று தசை அடுக்குகளில் உள்ளிரண்டுக்கும் நடுவே ஓடுகின்றன. அங்கே மரக்க வைக்கும் மருந்தைச் செலுத்தும் முறையை 2001இல் ரஃபி என்ற மருத்துவர் விவரித்தார். 'டேப் பிளாக்' என்பது அதுதான். இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி வெள்ளைக் கோடாகத் தெரிய, மருந்து இறங்க இறங்க இரண்டு அடுக்குகளும் பிரிந்து நடுவே கருப்பாக ஓர் இடைவெளி விரிவதைக் கண்ணால் பார்த்தே போடுகிறார்கள்.

வலியை அடக்கினால் உள்ளே ரத்தம் கசிவது தெரியாமல் போகுமே என்பார்கள். இந்த ஊசி சுவரை மட்டுமே மரக்க வைக்கிறது. குடலின் வலி வேறு நரம்புகள் வழியே போவதால் அது தெரியத்தான் செய்யும். அதனால்தான் பாராசிட்டமால் போன்றவற்றையும் வேளை தவறாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரத்தக்கசிவை நாடித்துடிப்பிலும் ரத்த அழுத்தத்திலும் பார்க்க வேண்டுமே தவிர, நோயாளியின் அலறலில் அல்ல. முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலி வரும் என்ற பயமும் இங்கே பொருந்தாது. ஊசி தண்டுவடத்தின் பக்கமே போவதில்லை. உண்மையான ஆபத்து, மருந்து ரத்தத்தில் அளவுமீறிக் கலந்து வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோ வருவது. அது அரிது என்றாலும், உடல் எடைக்கேற்ப அளவைக் கணக்கிட்டு, முறிவு மருந்தான கொழுப்புக் கரைசலைக் கைவசம் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். சிசேரியனில் முதுகு ஊசியோடு மார்ஃபினும் சேர்த்திருந்தால் இந்த பிளாக்கால் கூடுதல் பலன் சொற்பம். சேர்க்காத இடத்தில்தான் இது கைகொடுக்கும். வசதியில்லை என்ற சாக்கும் முழுதாகச் செல்லாது. ஸ்கேன் கருவியே இல்லாத ஆஸ்பத்திரியிலும், தோலைத் தைக்கும் முன் அறுவை மருத்துவரே அதே மருந்தைக் காயத்தின் ஓரங்களில் செலுத்திவிடலாம். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.